அடுப்படிக்குப் புதுச் சாமான்: டவுன்ஹால் ரோடா, இன்டர்நெட்டா?

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து விட்டது. இன்டர்நெட் இணைப்பும் போட்டாகி விட்டது. ரயில் டிக்கெட் எடுக்கவும், கரண்ட் பில் கட்டவும் பழகி விட்டீர்கள். இந்த நேரம் பார்த்து வீட்டில் இன்னொரு பேச்சு கிளம்புகிறது. "அடுப்படியை மாத்திக் கட்டிரலாமா?"

பழைய கடப்பாக்கல் மேடை போய் கிரானைட் வருகிறது. சுவர் நிறைய மாடுலர் அலமாரி. கூடவே சிம்னி, மேடையில் பதிக்கும் ஹாப் அடுப்பு, பெரிய பிரிட்ஜ், மைக்ரோவேவ், வாட்டர் பியூரிபையர் என்று பட்டியல் நீள்கிறது. சாமான்களுக்கு மட்டுமே ஒரு லட்சம் ரூபாய் சுலபமாகப் போய் விடும். அப்போதுதான் கேள்வி வருகிறது: இவற்றை எங்கே வாங்குவது?

மதுரைக்காரர்களுக்கு இதற்குப் பழைய பதில் ஒன்று உண்டு. டவுன்ஹால் ரோட்டிலும் மாசி வீதிகளிலும் நாலு கடை ஏறி இறங்கி, விலை பேசி வாங்குவது. பிறகு பை-பாஸ் ரோடு, அண்ணா நகர் பக்கமெல்லாம் பல கிளைகள் கொண்ட பெரிய ஷோரூம்கள் வந்தன. இப்போது மூன்றாவதாக, மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரும் ஒரு கடையாகி விட்டது. மூன்றில் எது நல்லது என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் பதில் கடையைப் பொறுத்தது அல்ல, வாங்கும் சாமானைப் பொறுத்தது.

பழுதானால் யார் வருவார்?

ஒரு பேப்பரை எடுத்து வாங்க வேண்டிய சாமான்களை எல்லாம் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். "இது ரிப்பேரானால் யார் சரி செய்வார்?"

மிக்ஸியை எடுத்துக் கொள்வோம். கப்ளர் தேய்ந்தாலும், கார்பன் பிரஷ் போனாலும், ஜார் பிளேடு மொட்டையானாலும் உங்கள் தெருமுனை மிக்ஸி ரிப்பேர் கடையில் பெரும்பாலும் அன்றைக்கே மாற்றி விடுவார்கள். வெட் கிரைண்டரும் அப்படித்தான். பெல்ட், கல், மோட்டார் இவ்வளவுதான் சமாச்சாரம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடே பெற்ற நம்ம ஊர்ப் பொருள். உதிரி பாகத்துக்குப் பஞ்சம் இல்லை. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் கிராமத்து வீடுகள் வரை போய்ச் சேர்ந்தன. இவற்றைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேஸ் ஸ்டவ், ரைஸ் குக்கர், மிக்ஸி, கிரைண்டர் ஆகியவற்றை எங்கே விலை குறைவோ அங்கே தாராளமாக வாங்கலாம்.

சிம்னி அப்படி அல்ல. டச் பேனல் வேலை செய்யவில்லை என்றால் அந்தக் கம்பெனியின் போர்டுதான் வர வேண்டும். டிஷ் வாஷர், பதித்து வைக்கும் ஓவன், வாட்டர் பியூரிபையர் எல்லாம் இதே கதைதான். மைக்ரோவேவ் ஓவனைத் தெரியாதவர் கையில் கொடுக்கவே கூடாது. அதன் உள்ளே இருக்கும் கபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளை வீழ்த்தும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

பிரிட்ஜ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஏரியாவுக்கு ஒரு பிரிட்ஜ் மெக்கானிக் இருப்பது உண்மைதான். ஆனால் புதிய பிரிட்ஜுகளில் இன்வெர்ட்டர் போர்டு இருக்கிறது. பலவற்றில் ஆர்-600ஏ என்ற தீப்பிடிக்கக் கூடிய வாயுதான் நிரப்பப்படுகிறது. இதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும்.

எனவே இந்த இரண்டாவது ரகச் சாமான்களுக்கு முதலில் சர்வீஸ் எங்கே என்று பாருங்கள். அப்புறம் பிராண்ட். அதற்கும் பிறகுதான் கடையும் விலையும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பின்கோடை டைப் செய்யுங்கள்

சர்வீஸ் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்து கொள்வது? இங்கேதான் கம்ப்யூட்டர் உதவுகிறது. பிரவுசரைத் திறந்து, நீங்கள் நினைத்திருக்கும் பிராண்டின் சொந்த வெப்தளத்துக்குச் செல்லுங்கள். "சர்வீஸ்" அல்லது "சப்போர்ட்" என்ற இடத்தில் கிளிக் செய்தால் சர்வீஸ் சென்டர் தேடும் பக்கம் இருக்கும். அதில் உங்கள் பின்கோடை டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

மதுரை நகருக்குள் 625001 என்று கொடுத்தால் பெரும்பாலான பெரிய பிராண்டுகளுக்கு ஏதாவது ஒரு விலாசம் வரும். மேலூர் 625106, திருமங்கலம் 625706, உசிலம்பட்டி 625532 என்று கொடுத்துப் பாருங்கள். சில பிராண்டுகளுக்கு மதுரை விலாசமே திரும்ப வரும். சிலவற்றுக்கு ஒன்றுமே வராது. உசிலம்பட்டி மதுரையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அங்கே வந்து போக ஆளுக்கு விசிட்டிங் சார்ஜ் உண்டா, எத்தனை நாளில் வருவார் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு விடுங்கள். வெப்தளத்தில் இருக்கும் நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். வாங்கும் முன்பே எடுக்காத போனை, வாங்கிய பிறகு எடுப்பார்களா?

இங்கே ஒரு எச்சரிக்கை. கஸ்டமர் கேர் நம்பரை சர்ச் இன்ஜினில் தேடி, முதலில் தெரியும் நம்பருக்கு அழைக்காதீர்கள். கம்பெனி பெயரைப் போட்டு போலி நம்பர்களை வைத்திருப்பவர்கள் நிறைய. பேச்சோடு பேச்சாக "பத்து ரூபாய் அனுப்பி ரிஜிஸ்டர் செய்யுங்கள்" என்று லிங்க் அனுப்புவார்கள். ஸ்கிரீன் ஷேர் செய்யும் புரோகிராமை இன்ஸ்டால் செய்யச் சொல்வார்கள். கம்பெனியின் வெப்தளத்திலோ வாரன்டி கார்டிலோ உள்ள நம்பர் மட்டுமே நம்பர். யுபிஐ-யில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்து விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

எக்ஸெல் சொல்லும் உண்மை விலை

ஸ்கிரீனில் தெரியும் விலை வேறு, உங்கள் சுவரில் மாட்டி முடிக்கும்போது ஆகும் விலை வேறு. இதை மனக்கணக்கில் போட்டால் தப்பும். எக்ஸெல் இருந்தால் அதைத் திறங்கள். இல்லை என்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

முதல் வரிசையில் சாமான், கடை, விலை, வண்டி வாடகை, பிட்டிங், உதிரி, பழைய சாமான் கழிவு, மொத்தம் என்று தலைப்பு கொடுங்கள். கழிவுத் தொகைக்கு முன் மைனஸ் குறி போட மறக்காதீர்கள். விலையிலிருந்து கழிவு வரைக்கும் உள்ள கட்டங்களை மவுஸால் செலக்ட் செய்து, ஆட்டோசம் பட்டனை ஒரு தட்டு தட்டினால் கூட்டுத்தொகை வந்து நிற்கும்.

உதாரணத்துக்கு ஒரு சிம்னி. இன்டர்நெட்டில் 11,990 ரூபாய். டவுன்ஹால் ரோட்டுக் கடையில் 13,200 ரூபாய். கடையில் 1,210 ரூபாய் அதிகம் என்று தோன்றும். ஆனால் இன்டர்நெட் சிம்னிக்குப் பிட்டிங் 600, புகைக்குழாய் 900 தனி என்றால் மொத்தம் 13,490. கடைக்காரர் குழாயும் சேர்த்து மாட்டித் தருவதாகச் சொன்னால் அவரிடம் 290 ரூபாய் மிச்சம். இவை உதாரணத்துக்குச் சொன்ன எண்கள்தான். உங்கள் ஷீட்டில் முடிவு நேர் எதிராகவும் வரலாம். போட்டுப் பார்க்காமல் தெரியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பிரிட்ஜுக்கு இன்னொரு கட்டம் சேருங்கள்: கரண்ட் செலவு. எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் ஆகும் என்று அச்சிட்டிருக்கும். ஒன்றில் 200, இன்னொன்றில் 150 என்றால் வித்தியாசம் 50 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் ஆண்டுக்கு 300, பத்து ஆண்டில் 3,000 ரூபாய். லேபிளில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணி விட்டு விடாதீர்கள். அது எந்தக் காலத்துக்கு உரியது என்பதையும் படியுங்கள். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். பழைய கணக்கில் 5 நட்சத்திரம் வாங்கியது புதிய கணக்கில் குறைந்து விடும். ஆடித் தள்ளுபடியில் குடோனைக் காலி செய்யும்போது இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஆசாரி வெட்டுவதற்கு முன்

புது அடுப்படி கட்டுபவர்கள் அதிகம் மாட்டிக் கொள்வது இந்த இடத்தில்தான். சாமானை வாங்கி விட்டு மேடையைக் கட்ட வேண்டுமா, மேடையைக் கட்டி விட்டு சாமானை வாங்க வேண்டுமா? மாடல் நம்பரை முடிவு செய்து விட்டுத்தான் கிரானைட்டை வெட்ட வேண்டும். ஹாப் அடுப்புக்கு மேடையில் எவ்வளவு ஓட்டை வெட்ட வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கிரானைட்டில் ஓட்டையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது.

அளவு தெரிய கடைக்குப் போக வேண்டியதில்லை. கம்பெனி வெப்தளத்தில் மாடல் நம்பரைக் கொடுத்தால் யூசர் மேனுவல் பிடிஎப் பைலாகக் கிடைக்கும். டவுன்லோட் செய்து, அளவுகள் உள்ள பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து ஆசாரி கையில் கொடுங்கள். சிம்னி அகலம் 60 சென்டிமீட்டரா 90 சென்டிமீட்டரா, அடுப்புக்கு மேல் எவ்வளவு உயரத்தில் மாட்ட வேண்டும், பிரிட்ஜுக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் காற்றுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், எல்லாம் அதில் இருக்கும்.

எலக்ட்ரீஷியனிடமும் அதே மேனுவலைக் காட்டுங்கள். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் அது நிற்காது. 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு சுவரைக் கொத்துவதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

இன்டர்நெட்டில் விற்பவர் யார்?

பெரிய ஷாப்பிங் வெப்தளங்களில் நீங்கள் பார்க்கும் பொருளை அந்த வெப்தளமே விற்பதில்லை. அது சந்தை மாதிரி. உள்ளே கடை போட்டிருப்பவர்கள் வேறு. விலைக்குக் கீழே "சோல்ட் பை" என்று சிறிய எழுத்தில் விற்பவர் பெயர் இருக்கும். அதில் கிளிக் செய்யுங்கள். மின்வணிகத்துக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் 2020 ஜூலையில் வந்த பிறகு, விற்பவரின் பெயர், விலாசம், தொடர்பு எண், பொருள் எந்த நாட்டில் தயாரானது என்ற விவரம் எல்லாம் காட்டப்பட வேண்டும். விலாசமே இல்லாத வெப்தளத்தில் பாதி விலைக்கு பிரிட்ஜ் கிடைத்தால் அது பிரிட்ஜ் அல்ல, தூண்டில். அட்ரஸ் பாரில் பூட்டுப் படம் இருப்பதால் மட்டும் கடை நேர்மையானது என்று ஆகி விடாது. நீங்கள் டைப் செய்வதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதே அதன் அர்த்தம்.

விற்பவரின் ஜிஎஸ்டி எண் தெரிந்தால் இன்னும் வசதி. ஜிஎஸ்டி வெப்தளத்தில் "சர்ச் டாக்ஸ்பேயர்" என்ற இடத்தில் அந்த 15 இலக்க எண்ணைக் கொடுத்தால் நிறுவனத்தின் பெயர், பதிவான தேதி, பதிவு உயிரோடு இருக்கிறதா என்பது தெரியும். 33 என்று தொடங்கினால் தமிழ்நாட்டுப் பதிவு. அதேபோல் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற இலவச ஆப்பில் அதைக் கொடுத்தால் எந்தத் தொழிற்சாலைக்கு எந்தப் பொருளுக்காகக் கொடுத்த லைசென்ஸ் என்று காட்டும். கேஸ் ஸ்டவ் வாங்கும்போது இந்தச் சிரமத்தை எடுத்துக் கொள்வது நல்லது.

ரெவ்யூ படிக்கும்போது ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை விட்டு விடுங்கள். பார்சல் வந்த அன்றே எழுதியவை அவற்றில் அதிகம். இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் ஆறு மாதம் கழித்து நிதானமாக எழுதுகிறார்கள். கண்ட்ரோல் பட்டனை அழுத்திக் கொண்டு எப் தட்டி, "சர்வீஸ்" என்ற வார்த்தையைத் தேடினால் உங்களுக்கு வேண்டியது மட்டும் கிடைக்கும்.

பெரிய சாமான் வரும்போது பெட்டியைப் பிரிப்பதை செல்போனில் வீடியோ எடுங்கள். டெலிவரி ஆள் முன்னிலையில் திறந்து காட்டும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். சில பொருள்களுக்குக் கம்பெனி ஆள் வந்துதான் பெட்டியைத் திறக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். அதை ஆர்டர் செய்யும் முன்பே படித்து விடுங்கள்.

கடைக்குப் போகும்போது

ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு போங்கள். நீங்கள் பேசும் விதமே மாறி விடும். "அண்ணாச்சி, எவ்வளவு குறைப்பீங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். "அண்ணாச்சி, பிட்டிங்குக்கு ஆள் கம்பெனியிலிருந்து வர்றாரா, நீங்க அனுப்புறீங்களா?" என்று ஆரம்பியுங்கள். வாடிப்பட்டி வரைக்கும் வண்டி வாடகை யார் தலையில் என்பது அடுத்த கேள்வி. விலை கடைசி.

மாடல் நம்பரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கடைசியில் உள்ள ஓர் எழுத்து நிறத்தைக் குறிக்கலாம். வேறு சில சமயம் ஒரு தட்டு குறைவான இன்னொரு மாடலாகவும் இருக்கலாம். ஷோரூமுக்கு ஒரு மாடல், இன்டர்நெட்டுக்கு ஒரு மாடல் என்று தனித்தனியாகத் தயாரிக்கும் கம்பெனிகள் உண்டு. அப்போது விலை ஒப்பீடே பொருந்தாது.

எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. "எம்.ஆர்.பி. மேல் ஜிஎஸ்டி தனி" என்று யாராவது சொன்னால் தவறு. "பத்து வருட வாரன்டி" என்றால் எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் கம்ப்ரசருக்கோ மோட்டாருக்கோ மட்டும்தான். வட்டியில்லாத் தவணை என்பதிலும் செயல்பாட்டுக் கட்டணம் இருக்கும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. மொத்தப் பணம் கொடுத்தால் எவ்வளவு குறையும் என்று கேட்டு, அதையும் ஷீட்டில் ஏற்றுங்கள்.

வழக்கு என்றால் பெங்களூருக்குப் போக வேண்டுமா?

இன்டர்நெட்டில் வாங்கப் பலரும் தயங்குவதற்குக் காரணம் இதுதான். 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் கீழ், விற்றவர் இருக்கும் ஊரிலோ விவகாரம் எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும் என்று இருந்தது. 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றி விட்டது. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி என்ற அரசு வெப்தளத்தின் வழியாக வீட்டிலிருந்தே புகாரைப் பதிவு செய்யலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போட்டால், பல விவகாரங்கள் வழக்கு வரை போகாமலே தீர்ந்து விடும்.

இதற்கெல்லாம் ஆதாரம் பில். "பில் இல்லாமல் வாங்கினால் இவ்வளவு குறைத்துத் தருகிறேன்" என்ற பேச்சுக்கு மயங்கினால் வாரன்டியும் போச்சு, வழக்கும் போச்சு. பில்லில் மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் எழுதியிருக்கிறதா என்று கடையை விட்டு இறங்கும் முன் பாருங்கள். சில கடைகளில் தரும் வழவழப்பான தெர்மல் பேப்பர் பில், அடுப்படி அலமாரிச் சூட்டில் ஒரு கோடைக்குள் வெள்ளைத் தாளாகி விடும். வாங்கிய அன்றைக்கே போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் "அடுப்படி" என்று ஒரு போல்டர் திறந்து, பில், வாரன்டி கார்டு, மேனுவல் மூன்றையும் சாமான் பெயரில் சேவ் செய்யுங்கள். நீங்கள் போட்ட எக்ஸெல் ஷீட்டும் அதிலேயே இருக்கட்டும். போல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் காப்பி செய்து பீரோவில் வையுங்கள்.